ரத்தம் வேண்டி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் முறை

ரத்தம் ஏற்பாடு செய்யுமாறு மருத்துவமனையில் சொன்ன சில நிமிடங்களிலேயே, "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை, அதிகம் பகிரவும்" என்ற ஒற்றை வரி குழு குழுவாகப் பரவிவிடுகிறது. ஊரும் தேதியும் இல்லாத அந்த வரி, நோயாளி குணமடைந்து வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். உண்மையாகவே ரத்தம் கொடுக்க விரும்புகிறவர்களை இத்தகைய பழைய செய்திகள் சலிப்படையச் செய்வதால், அடுத்து வரும் உண்மையான வேண்டுகோளும் கவனிக்கப்படாமல் போகிறது.

ஆகவே, செய்தி எழுதுவதற்கு முன் மருத்துவமனையின் ரத்த வங்கிக்கு நேரில் சென்று பேசுங்கள். தேவைப்படுவது சிவப்பணுக்களா, தட்டணுக்களா, பிளாஸ்மாவா, எத்தனை யூனிட், எப்போதைக்குள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல ரத்த வங்கிகள் தங்கள் இருப்பிலிருந்து கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக எந்தப் பிரிவு ரத்தத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. அவ்வாறெனில் ஊரெல்லாம் ஓ நெகட்டிவ் தேட வேண்டியதே இல்லை. அருகிலுள்ள ரத்த வங்கிகளின் இருப்பை மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் இணையதளத்தில் பார்க்கலாம். கொடையாளர் வந்தவுடன் அவருடைய ரத்தத்தை அப்படியே ஏற்றிவிட முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மலேரியா, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் முடிய நேரமாகும். டெங்குக் காலத்தில் அதிகம் தேடப்படும் தட்டணுக்களை ஏறத்தாழ 5 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், கொடையாளர்கள் அனைவரையும் ஒரே நாளில் வரவழைப்பது பயன் தராது.

செய்தியில் ரத்தப் பிரிவு, யூனிட் எண்ணிக்கை, மருத்துவமனை, ஊர், தேவைப்படும் கடைசித் தேதி, தொலைபேசியை எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் எண் ஆகியவை இருந்தால் போதும். நோயாளியின் படத்தையும் மருத்துவ அறிக்கையையும் இணைக்காதீர்கள்; ஒருவருடைய நோய் விவரம் முன்பின் அறியாதவர்களின் கைக்குப் போய்ச் சேருவது அவருக்குச் செய்யும் பெரும் தீங்கு.

இவற்றுள் கடைசித் தேதியே மிக முக்கியமானது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் மட்டுமே திருத்த முடியும்; பின்னர் நீங்கள் அதை நீக்கினாலும், மற்றவர்கள் பிற குழுக்களுக்கு அனுப்பிவிட்ட பிரதிகள் அழிவதில்லை. இயன்றால் வேண்டுகோளை முகநூலில் பொதுப் பதிவாக இட்டு, அதன் இணைப்பைக் குழுக்களுக்கு அனுப்புங்கள். ரத்தம் கிடைத்ததும் பதிவின் முதல் வரியில் "கிடைத்துவிட்டது" என்று சேர்த்தால், எந்தக் குழுவிலிருந்து அதைத் திறப்பவருக்கும் அது தெரியும்.

உங்கள் எண் பொதுவெளிக்கு வந்தபின், ரத்தம் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர்களும் அழைக்கக்கூடும். பணத்துக்காக ரத்தம் கொடுப்பது இந்தியாவில் 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது; ஆகவே அத்தகைய அழைப்பை உடனே துண்டித்துவிடுங்கள்.

மாநிலம் கடந்தும் செய்தியைப் பரப்ப வேண்டிய தருணங்களும் உண்டு. 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே வகை ரத்தம் உடையவர்களுக்கு ஓ பிரிவு ரத்தம்கூடப் பொருந்தாது. அவ்வகை ரத்தம் உள்ளவர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பதால், அவர்களைத் தேடிக் கண்டடைவதில் சமூக ஊடகம் செய்யும் உதவி ஈடற்றது.

இத்தகைய செய்தி உங்களுக்கு வந்தால், முதலில் அந்த எண்ணை அழைத்துத் தேவை இன்னும் இருக்கிறதா என்று கேட்டு, அதன்பின் பகிருங்கள். நீங்களே வேண்டுகோள் விடுத்தவராயின், தேவை நிறைவேறிய உடனேயே, வந்துகொண்டிருக்கும் கொடையாளர்களை அழைத்துத் தெரிவியுங்கள். இன்று ரத்தம் கொடுக்கும் ஆண் அடுத்த 3 மாதங்களுக்கும், பெண் 4 மாதங்களுக்கும் மீண்டும் கொடுக்க இயலாது என்பதால், உங்களுக்குத் தேவைப்படாத கொடையாளர் வேறொரு நோயாளிக்காகக் காத்திருக்கட்டும்.