பழைய அட்வெஞ்சர் கேம்களைப் புதிய கம்ப்யூட்டரில் ஓட வைப்பது எப்படி?

1990-களில், பழைய பிசி ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸுக்காக வந்த அட்வெஞ்சர் கேமை விண்டோஸ் 11-ல் டபுள் கிளிக் செய்தால், 'இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது' என்றுதான் வரும். கேம் கெட்டுப்போகவில்லை. அது 16-பிட் புரோகிராம். 64-பிட் விண்டோஸில் அந்த வகையை ஓட்டும் பகுதியே கிடையாது. பழைய விண்டோஸ்போல நடந்துகொள்ள வைக்கும் கம்பேட்டிபிலிட்டி மோடை மாற்றி மாற்றிப் பார்ப்பதெல்லாம் வீண் வேலை.

இதற்கு அருமையான வழி ஸ்கம்விஎம். 2001-ல் தொடங்கிய இலவச மென்பொருள். கேமின் பழைய புரோகிராமுக்குப் பதில் இதன் எஞ்சினே ஓடும். படம், ஒலி, வசனம் அடங்கிய டேட்டா ஃபைல்களை மட்டும் கேமிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த ஃபைல்கள் முழுதாக இருந்தால் போதும்.

பழகுவதற்கு 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' நல்ல கேம். ரெவல்யூஷன் நிறுவனம் 1994-ல் வெளியிட்டது; 2003 முதல் இலவசம். ஸ்கம்விஎம் தளத்திலேயே கிடைக்கிறது. ஃப்ளாப்பி, சிடி என்று இரண்டு பதிப்புகள் இருக்கும். குரல் சிடி பதிப்பில்தான் உண்டு, அதையே எடுங்கள்.

1. ஸ்கம்விஎம்மை இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. கேமின் ஜிப் ஃபைலை ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுங்கள். ஜிப்பாகவே விட்டுவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

3. ஸ்கம்விஎம்மில் 'ஆட் கேம்' அழுத்தி ஃபோல்டரைக் காட்டுங்கள். அந்தப் பெட்டியில் ஃபோல்டர்கள் மட்டுமே தெரியும். உள்ளே காலியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 'கேம் எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தால், ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டராகப் பிரிந்திருக்கும். டேட்டா ஃபைல்கள் நேராக இருக்கும் உள் ஃபோல்டரைக் காட்டுங்கள்.

4. கேம் ஆப்ஷன்ஸில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன்' டிக் செய்யுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. 320×200 படத்தை அன்றைய 4:3 மானிட்டர் உயரவாக்கில் இழுத்துக் காட்டியது. ஓவியர்களும் அதற்கேற்பத்தான் வரைந்தார்கள். டிக் இல்லாவிட்டால் மனிதர்கள் அமுக்கியதுபோல் குள்ளமாகத் தெரிவார்கள். ஆடியோ பகுதியில் குரல், சப்டைட்டில் இரண்டையும் சேர்த்து வையுங்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பு பழகும்வரை எழுத்து கைகொடுக்கும்.

5. 'ஸ்டார்ட்'. முழுத் திரைக்கு ஆல்ட்-என்டர். சேவ் செய்ய எஃப்5.

கேம் தொடங்கியதும் 'எதுவும் நடக்கவில்லையே' என்று தோன்றலாம். லெஃப்ட் கிளிக் நடக்கவும் பொருளைப் பார்க்கவும்தான். எடுக்கவும் திறக்கவும் ரைட் கிளிக். முதல் இடத்தில் படிக்கட்டின் கம்பியை ரைட் கிளிக் செய்து பெயர்த்தெடுங்கள், பூட்டிய கதவை நெம்ப அதுதான் வேண்டும். எடுத்த பொருள்களைப் பார்க்க மவுஸைத் திரையின் மேல் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள்.

சொந்த சிடியில் கேம் வைத்திருப்பவர்கள், எல்லா ஃபைல்களையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிட்டு மூன்றாம் படியிலிருந்து தொடரலாம். ஸ்கம்விஎம் பட்டியலில் இல்லாத டாஸ் கேம் என்றால், பழைய டாஸ் கம்ப்யூட்டர்போலவே செயல்படும் டாஸ்பாக்ஸ் மென்பொருள்தான். அதில் கேம் தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோல்-எஃப்11 வேகத்தைக் குறைக்கும், கன்ட்ரோல்-எஃப்12 கூட்டும்.