ஆய்வு முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்

ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைத்த கையோடு வினாநிரல் தயாரிக்க உட்கார்ந்துவிடாமல், உங்கள் ஆய்வு வினா ‘எத்தனை, எவ்வளவு’ என்று கேட்கிறதா, ‘ஏன், எப்படி’ என்று கேட்கிறதா என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொண்டால், அதன்பின் மாணவர் வருகை எத்தனை விழுக்காடு மாறியது என்பது அளவுசார் ஆய்வுக்குரிய வினா. உணவு தயாராக இருந்தும் ஒரு சிறுமி ஏன் தட்டை எடுக்காமல் ஓரமாக நிற்கிறாள் என்பது, அவளிடமும் அவள் தாயிடமும் அமர்ந்து பேசினாலன்றி விளங்காத பண்புசார் வினா.

மாதிரி அளவில், அதாவது எத்தனை பேரிடம் தகவல் திரட்டுவது என்பதில்தான், மாணவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். பெரிய மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை 95 விழுக்காடு நம்பிக்கை மட்டத்திலும் 5 விழுக்காட்டுப் புள்ளிப் பிழை வரம்பிலும் மதிப்பிட, எளிய சமவாய்ப்பு மாதிரியில் (எல்லோருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக உள்ள மாதிரியில்) ஏறக்குறைய 385 பேர் தேவை; அதாவது, இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால் சுமார் 95 முறை விடை உண்மை விகிதத்திலிருந்து 5 புள்ளிக்குள் இருக்கும். ஆழ்நிலை நேர்காணலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. புதிய செய்தி எதுவும் வராமல், கேட்டதையே திரும்பக் கேட்கும் நிலை வரும்வரை பேச வேண்டும், அது 15 பேரிலும் வரலாம், 30 பேரிலும் வரலாம். பத்துப் பேரிடம் பேசிவிட்டு ‘70 விழுக்காட்டினர் கருதுகின்றனர்’ என்று எழுதுவதைத் தயவுசெய்து தவிர்த்து, அவர்கள் சொன்ன சொற்களையே, பேச்சு வழக்கைத் திருத்தாமல், மேற்கோளாகத் தாருங்கள்.