கெராட்டின்: எந்த எண், எந்த இடம் என்று கேட்காததால் வரும் தவறுகள்

திருநெல்வேலியில் ‘கெராட்டின்’ என்ற சொல்லைப் பலர் முதலில் பார்ப்பது அழகு நிலையத்தின் விலைப்பட்டியலில்தான். அதனால் அது தலையில் பூசும் ஒரு சரக்கு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. உண்மையில் அது தோல், முடி, நகம் போன்றவற்றின் செல்களில் உடலே உண்டாக்கும் புரதம். பூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முடியை நேராக்குவது அதிலுள்ள கெராட்டின் அல்ல. பல கலவைகளில் சேரும் ஃபார்மால்டிஹைடு அல்லது கிளையாக்ஸிலிக் அமிலமும், மேலே இழுக்கும் சூட்டுக் கருவியும்தான். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கிளையாக்ஸிலிக் அமிலத்தால் சிலருக்குச் சிறுநீரகம் பழுதானதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வேண்டும் என்பவர்கள் புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உட்காரட்டும்.

பெரிய தவறு வேறு: கெராட்டின் என்பது ஒரே பொருள் என்று நினைப்பது. மனிதரில் 54 கெராட்டின் மரபணுக்கள் வேலை செய்கின்றன. முதல் வகையில் 28, இரண்டாம் வகையில் 26. அவை தரும் ஒவ்வொரு கெராட்டினுக்கும் ஓர் எண் உண்டு. எதுவும் தனியாக இழையாவதில்லை. பாவு நூலும் கோரையும் சேர்ந்தால்தான் பத்தமடைப் பாய் என்பதுபோல, ஒரு வகைக்கு ஒன்றாக இரண்டும் சேர்ந்தால்தான் செல்லைத் தாங்கும் இழை உருவாகிறது. தோலின் அடி வரிசையில் கெராட்டின் 5-உம் 14-உம் இணை. மேலே ஏறும் செல்களில் 1-உம் 10-உம். உள்ளங்கை, உள்ளங்காலில் 9 கூடுதலாக வருகிறது. முடியும் நகமும் முளைக்காத கல்லீரலிலும் 8, 18 என்ற இணை இருக்கிறது. மதுவால் கெட்ட கல்லீரல் செல்களில் நுண்ணோக்கி காட்டும் மாலரி-டெங்க் உருண்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டும் மடங்கிக் குவிந்தவையே.

எண் மாறினால் நோயும் மாறுகிறது. இதை அறியாததால் அதிகம் துன்பப்படுவது குழந்தைகள். பிறந்த சில நாட்களிலேயே, துணி உரசும் இடத்திலும், தவழத் தொடங்கியதும் முழங்காலிலும் கொப்புளம் வரும். அக்னி நட்சத்திர வெயிலில் இன்னும் கூடும். அம்மை என்று வேப்பிலை கட்டுவார்கள். அக்கி என்று காவி குழைத்து எழுத அழைத்துப் போவார்கள். அம்மையும் அக்கியும் ஒரு தடவை வந்து ஆறிவிடும். உரசிய இடத்தில் எல்லாம் மறுபடி மறுபடி கொப்புளிக்கிற தோல் வேறு கதை. 5 அல்லது 14 பழுதானால், அடி வரிசைச் செல் சிறு உராய்வுக்கே கிழிந்துவிடுகிறது. அமெரிக்க உயிரியல் ஆய்வாளர் எலைன் ஃபுக்ஸின் குழு பழுதான கெராட்டின் 14-ஐ எலிகளில் புகுத்தியபோது தோல் கொப்புளித்தது. அதைப் பார்த்துத்தான் மனிதரில் எந்த நோய் என்று தேடினார்கள். 1991இல் விடை கிடைத்தது: எபிடெர்மோலிசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ் என்ற பிறவிக் கொப்புள நோய். நோயிலிருந்து மரபணுவுக்குப் போகாமல் மரபணுவிலிருந்து நோய்க்கு வந்த வழி அது.

வீட்டில் செய்யும் தவறுகளில் மோசமானது கொப்புளத்தின் மேல்தோலை உரித்துவிடுவது. அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி. சுத்தமான ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை மட்டும் வடிக்க வேண்டும் என்பார்கள் தோல் மருத்துவர்கள். ஒட்டும் பிளாஸ்திரி கூடவே கூடாது. எடுக்கும்போது தோலும் கூட வரும்.

அடுத்து, பழியை யார்மேல் போடுவது என்ற பேச்சு. ‘அத்தை மகனைக் கட்டினாள், அதனால்தான்’ என்று தாயின் காதுபடவே சொல்வார்கள். இந்த வகைக் கொப்புள நோய் பெரும்பாலும் ஓங்கு தன்மையில் வருவது; பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பழுது வந்தாலே போதும், சில சமயம் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடமே புதிதாகத் தோன்றும். இரு பக்கமும் பழுது சேர வேண்டிய ஒடுங்கு வகையும் உண்டு. அங்கேதான் சொந்தத் திருமணம் கணக்கில் வருகிறது. மரபணுச் சோதனைக்கு முன்னால் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

‘கொப்புளத்துக்கு மரபணுக் களிம்பு வந்துவிட்டது’ என்ற செய்தியையும் அரைகுறையாகப் படிக்கக் கூடாது. 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்தக் களிம்பு, தோலின் மேலடுக்கை அடியடுக்கோடு பிணைக்கும் கொலாஜன் 7 என்ற புரதம் பழுதான வேறொரு வகைக்கு. கெராட்டின் நோயில் சிக்கல் இன்னும் பிடிவாதமானது. அங்கே கெட்ட புரதம் நல்லதோடு கலந்து இழை முழுவதையும் கெடுக்கிறது. நல்லதைக் கூடுதலாகக் கொடுத்தால் போதாது, கெட்டதை அடக்க வேண்டும். ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவது அதோடுதான்.

சதைப் பரிசோதனைத் தாளில் ‘சைட்டோகெராட்டின் பாசிட்டிவ்’ (கெராட்டினைக் காட்டும் சாயம் செல்லில் பிடித்தது) என்று கண்டதும் புற்றுநோய் உறுதி என்று அழுகிற குடும்பங்கள் உண்டு. நல்ல தோலும் நல்ல குடலும்கூட அந்தச் சாயத்தில் பாசிட்டிவ்தான். செல் எந்தக் குடியிலிருந்து வந்தது என்பதை அது சொல்லும். புற்றா இல்லையா என்பதைச் செல்களின் உருவமும் அவை பரவியிருக்கும் விதமும் சொல்லும். புற்று என்று தெரிந்த பிறகு எண்கள் உதவுகின்றன: கெராட்டின் 20 இருந்து 7 இல்லையென்றால் பெருங்குடல் பக்கம் சந்தேகம் போகும், 7 இருந்து 20 இல்லையென்றால் நுரையீரல், மார்பகம் முதலான இடங்களைத் தேடுவார்கள். விலக்குகள் உண்டு, அதனால் ஒரே சாயத்தை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. வெற்றிலை புகையிலை போட்ட வாயிலிருந்து எடுத்த துணுக்கில் ‘கெராட்டின் முத்து’ (செல்களுக்கு நடுவே கெராட்டின் திரண்ட உருண்டை) என்று எழுதியிருந்தால் அது அழகான செய்தி அல்ல. பெரும்பாலும் செதிள் செல் புற்றின் அடையாளம் அது.

பனையேறியின் மார்பிலும் பாதத்திலும் உள்ள காய்ப்பு நோயல்ல, அழுத்தத்துக்குத் தோல் தரும் பதில். ஆனால் உழைக்காத சிறு பிள்ளையின் உள்ளங்கை முழுவதும் ஒரே சீராகத் தடித்தால், கெராட்டின் 9 பழுதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், அமிலம் தடவிய ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டுவதும் ஆபத்து. உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் ஆழமாகும் வரை தெரியாது.

கெராட்டினைச் சாப்பிட்டால் கெராட்டின் வளரும் என்ற கணக்கும் தப்பு. அலுங்கின் (செதில் உடம்புள்ள எறும்புத்தின்னி) செதிலை மருந்து என்று விற்கிறவர்கள் தருவது நகத்தில் உள்ளதைப் போன்ற சரக்குதான், அதோடு வனக் குற்றமும். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை விழுங்குபவர்கள் தைராய்டு சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வுக்கூட முறைகளில் சோதனை முடிவையே மாற்றிக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் சோதனையும் அதில் ஒன்று.