மூக்குத் தையலும் தழும்பும்: நூல் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

"கரையும் தையலாகவே போட்டுவிடுங்கள் டாக்டர், பிரிக்க மறுபடியும் வர வேண்டாமே." மூக்கு அறுவைச் சிகிச்சைக்காக ஈப்போவிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ கோலாலம்பூர் வருகிறவருக்கு இப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் பயண வசதியைப் பார்த்து நூலைத் தேர்ந்தெடுப்பது தவறு. கரையும் நூலை உடல் சிதைக்கும்போது ஓரளவு அழற்சி ஏற்படும். நம்முடைய மாநிறத் தோலில் அழற்சி அடங்கிய பிறகும் கருமை தங்கிவிடும். அதற்காகக் கரையும் நூலே கூடாது என்பதும் சரியல்ல. சில நாள்களில் உதிர்ந்துவிடும் மெல்லிய நூலைக் கைதேர்ந்தவர் போட்டால், தழும்பு, கரையாத, பிரித்தெடுக்க வேண்டிய நைலான் தையலுக்கு ஈடாகவே அமையும்.

நைலான் தையலை உரிய நாளில் பிரிக்காமல் விடுவதைத்தான் நான் பெருந்தவறு என்பேன். முகத்தில் போட்ட தையலைப் பொதுவாக 5 முதல் 7 நாள்களுக்குள் பிரித்துவிட வேண்டும். தீபாவளி முடியட்டும் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டால், நூல் நுழைந்த துளைகளுக்குள் மேல்தோல் வளர்ந்து, வெட்டின் இருபுறமும் தண்டவாளக் கட்டைகளைப் போலக் குறுக்குக் கோடுகள் நிலைத்துவிடும். பிறகு எந்தக் களிம்பும் அவற்றை முழுதாக அழிக்காது. வரவே முடியாதென்றால் உங்கள் ஊர் மருத்துவருக்கு முன்கூட்டியே கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நூலின் எண்ணிலும் குழப்பம் உண்டு. 6-0 நூல் 4-0 நூலைவிட மெல்லியது. மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது. நாசி மடலை, அதாவது நாசித் துவாரத்தின் பக்கச் சதையை, குறுக்கும்போது மடலும் கன்னமும் சேரும் மடிப்பில் இழுவிசை இருக்கும். அதை உள்ளடுக்குத் தையல் தாங்க வேண்டும். மேல் தையலே தாங்கினால், இறுக்கிய முடிச்சு வீக்கத்தில் தோலுக்குள் பதிந்து தடம் விடும். வெட்டு எங்கே வரும் என்பது அறுவை முறையைப் பொறுத்தது. திறந்த முறையில் இரு நாசித் துவாரங்களுக்கு நடுவே வெட்டு வரும். மூடிய முறையில் முக்கிய வெட்டுகள் மூக்கின் உள்ளேயே இருக்கும். இவற்றில் உங்களுக்கு எது என்று முன்பே கேளுங்கள்.

காது குத்திய இடத்திலோ நெஞ்சிலோ முன்பு கெலாய்டு (காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து வளரும் தழும்பு) வந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆறாத காயத்தில் மஞ்சள் பூசாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள், மருத்துவர் சொல்லும்வரை மூக்குத்தி வேண்டாம். தழும்பு முதிர ஓராண்டுகூட ஆகும். அதுவரை நம் ஊர் வெயில் அதைக் கறுக்கச் செய்யும் என்பதால், காயம் மூடியதும் சன்ஸ்கிரீன் பூசத் தொடங்குங்கள்.