பூர்வகுடிக் கதையை வானொலி இசை நாடகமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கதைகளைத் தழுவி வானொலிக்கு இசை நாடகம் எழுத முனைபவர்கள் பலர், கதையைத் தேர்ந்தெடுக்கும்போதே சறுக்கிவிடுகிறார்கள். பழைய தொகுப்பு நூல் ஒன்றைப் புரட்டி, பிடித்த கதையை எடுத்துக்கொள்கிறார்கள். நூலின் பதிப்புரிமைக் காலம் முடிந்திருக்கலாம்; அந்தக் கதைக்குரிய மக்களின் உரிமைக்குக் காலக்கெடு கிடையாது. எதை யார் சொல்லலாம், யார் கேட்கலாம் என்பதற்கு ஒவ்வொரு சமூகத்திலும் கட்டுப்பாடு உண்டு. அரங்கத்திலாவது வாசலில் ஆளை நிறுத்தலாம். வானொலி ஆண், பெண், குழந்தை என்று பார்ப்பதில்லை.

இந்தச் சிக்கல் ஒலியில்தான் கூர்மையாகிறது. கயிற்றில் கட்டிச் சுழற்றினால் உறுமும் மரத்தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அது அருமையான விளைவு தரும். ஆனால் பல சமூகங்களில் அது ஆண்களின் சடங்குக்கு மட்டும் உரியது. பெண்களும் சிறுவர்களும் அந்த ஒலியைக் கேட்கவே கூடாது. சூழலுக்காக நான்கு விநாடி சேர்த்தாலும் மீறல் மீறல்தான்.

ஆஸ்திரேலிய அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் வானொலியில் இசைக்குழு நடத்துநராக இருந்த கிளைவ் டக்ளஸ், 1938இல் 'கடைச்சா' என்ற ஓப்பரெட்டாவை, அதாவது சிறிய இசை நாடகத்தை, எழுதினார். மத்திய ஆஸ்திரேலியாவில் பழிதீர்க்கப் புறப்படுபவனைக் குறிக்கும் பெயர் அது. தடம் தெரியாதிருக்க ஈமு இறகாலான காலணி அணிந்து அவன் நடப்பான் என்று பதிவுகள் சொல்கின்றன. காலடி ஓசையே இல்லாத ஒருவனை முரசு முழங்க அறிமுகப்படுத்தினால் அந்த அச்சமே கலைந்துவிடும். அதைவிட முக்கியம், அந்தக் காலணி வெளியாருக்குக் காட்டத் தகாத புனிதப் பொருளாக மதிக்கப்படுவது. பெயர் ஈர்க்கிறது என்பதற்காக எடுத்தாளலாகாது.

நீண்ட மரக்குழலான டிஜெரிடூவை எல்லாக் காட்சியிலும் ஊதவிடுவதும் வழக்கமான பிழை. அது ஆர்ன்ஹெம் லேண்ட் உள்ளிட்ட வடபகுதியின் கருவி. விக்டோரியாவின் யோர்ட்டா யோர்ட்டா மக்களின் கதைக்கு அது பின்னணியானால், கதை ஊர் மாறிப்போகும். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கிய கண்டம் அது.

அந்த மக்களைக் கடந்த காலத்தோடு முடித்துவிடுவது எல்லாவற்றிலும் மோசமானது என்பேன். 'கடைச்சா' எழுதப்பட்ட அதே 1938இல், ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிய நாளான ஜனவரி 26 அன்று பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் துக்க தினம் அனுசரித்து, குடியுரிமை கேட்டார்கள். அடுத்த ஆண்டு பூர்வகுடியினருக்கான கம்மராகுஞ்சா குடியிருப்பில், தாங்கள் நடத்தப்பட்ட விதத்தை எதிர்த்து மக்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அந்த வெளியேற்றத்தைத்தான் யோர்ட்டா யோர்ட்டா பாடகி டெபோரா சீதம் 2010இல் 'பீக்கன் சம்மர்' என்ற ஓப்பராவாக்கினார். பூர்வகுடிப் பாடகர்களே பாடினார்கள். இதைக் கேட்ட பிறகு, வேறு யாரோ குரல்மாற்றி நடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்ப்பவர்கள், இறந்தவர்களின் பெயரோ குரலோ இடம்பெறக்கூடும் என்று நிகழ்ச்சிக்கு முன்பே அறிவிக்க வேண்டும்; பல சமூகங்களில் அவற்றைத் தவிர்ப்பது வழக்கம். குடும்பத்தாரின் ஒப்புதலும் வேண்டும். அனுமதி கேட்கும்போதே மறுஒலிபரப்பு, இணையத்தில் நிரந்தரமாக வைப்பது இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு மாலை ஒலிபரப்புக்குச் சம்மதித்த பெரியவர், பாட்காஸ்டுக்கும் சம்மதித்ததாக ஆகாது.