மாசக்கணக்கா தடிப்பு அரிப்பு போகலையா? வயித்துல ஹெச் பைலோரி இருக்கான்னு சரியா பாக்குறது எப்படி

உடம்புல திடீர்னு சிவப்பா தடிச்சு அரிச்சு, கொஞ்ச நேரத்துல அங்க மறைஞ்சு வேற எடத்துல கிளம்புமே, ஊர்ல காணாக்கடின்னு சொல்லுவாங்க, டாக்டர் சீட்டுல அர்ட்டிகேரியான்னு எழுதுவாங்க, அது 6 வாரத்துக்கு மேல போனா நாள்பட்ட வகை. இதுல பெரும்பாலும் சாப்பாட்டு அலர்ஜி காரணமே கிடையாது, நம்ம எதிர்ப்பு சக்தியே தோல்ல இருக்குற மாஸ்ட் செல்ங்கற அணுக்கள கிளறி விட்டு, அரிப்ப கிளப்புற ஹிஸ்டமின் வெளிய வருது. கத்திரிக்காய நிறுத்தி, கருவாட நிறுத்தி, முட்டைய நிறுத்தி கடைசில வெறும் ரசஞ்சோத்துக்கு வந்தும் அரிப்பு நிக்காம ராத்திரி தூக்கம் கெட்டு நிக்குறவங்களுக்குத்தான் இத எழுதுறேன்.

இவங்கள்ல சில பேருக்கு வயித்துல இருக்குற ஹெச் பைலோரி பாக்டீரியாவுக்கு மருந்து எடுத்ததும் தோலும் தேறுது. சில ஆராய்ச்சில நல்ல பலன் வந்திருக்கு, சிலதுல பெரிய வித்தியாசம் இல்ல. இன்னொண்ணு, உலகத்துல ஏறக்குறைய பாதி பேர் வயித்துல இந்த பாக்டீரியா இருக்கு, நம்ம நாட்டுல இன்னும் அதிகம், அதனால டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்துட்டா மட்டும் தோலுக்கு அதான் காரணம்னு ஆகாது. பாத்துட வேண்டிய ஒண்ணு, அவ்ளோதான்.

மொதல்ல ஒரு நோட்டு போடுங்க. தினமும் தடிப்புக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3 மார்க். தடிப்பு எண்ணிக்கை 20க்கு கீழ இருந்தா 1, 50 வரைக்கும் 2, அதுக்கு மேல 3. வாரத்துக்கு கூட்டுனா அதிகபட்சம் 42 வரும். தோல் டாக்டர்களே இந்த கணக்கத்தான் பாக்குறாங்க, இது இல்லாம பின்னாடி மருந்து கேட்டுச்சா இல்லையான்னு ஞாபகத்த வச்சு சொல்லவே முடியாது. கூடவே வலி மாத்திரை எப்ப போட்டீங்கன்னும் எழுதுங்க, ஏன்னா டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் சிலருக்கு தடிப்ப கிளப்பி விடும், அதே மாத்திரை வயித்தையும் புண்ணாக்கும், அப்ப ரெண்டும் சேர்ந்து வர்றதுக்கு பாக்டீரியா தேவையே இல்ல. ஆனா இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுறவங்க தானா நிறுத்தக்கூடாது, டாக்டர கேளுங்க.

செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனாடின் மாதிரி அரிப்பு மாத்திரைய விடாம தினமும் போட்டும் அடங்கல, கூட நெஞ்செரிச்சல், மேல் வயித்து வலி, உப்புசம் இருக்குன்னா டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. எந்த டெஸ்ட்டுங்கறதுதான் முக்கியம். ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது பாக்டீரியாவுக்கு எதிரா உடம்பு உண்டாக்குன எதிர்ப்பு பொருள், பாக்குறது வேணாம், எப்பவோ வந்துபோன தொற்றுக்கும் அது பாசிட்டிவ் காட்டும். மூச்சு டெஸ்ட் இல்லன்னா மலத்துல பாக்டீரியாவோட புரதத்த தேடுற ஆன்டிஜென் டெஸ்ட், இந்த ரெண்டுல ஒண்ணு. மூச்சு டெஸ்ட்டுல யூரியா கலந்தத வெறும் வயித்துல குடிக்க வைப்பாங்க, பாக்டீரியா இருந்தா அது யூரியாவ உடைச்சுரும், அதுல வர்ற கார்பன் டை ஆக்ஸைடு நீங்க ஊதுற காத்துல வரும், அத பிடிச்சு பாப்பாங்க. கர்ப்பமா இருக்கவங்க முன்னாடியே சொல்லிடுங்க, கார்பன் 14 வகைல கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, கார்பன் 13ல கிடையாது.

இங்கதான் நெறய பேருக்கு ரிசல்ட் தப்பா போகுது. பேன்டப்ரஸோல், ஒமிப்ரஸோல்னு காலைல வெறும் வயித்துல போடுற கேஸ் மாத்திரைய டெஸ்ட்டுக்கு 2 வாரம் முன்னாடியே நிறுத்தணும், ஆன்டிபயாடிக்கும் பிஸ்மத்ங்கற வயித்து மருந்தும் 4 வாரம் முன்னாடி. இல்லன்னா பாக்டீரியா அடங்கி இருக்கும், டெஸ்ட் நெகட்டிவ்னு வரும், நீங்களும் நிம்மதியா வீட்டுக்கு வந்துருவீங்க. அல்சர்ல ரத்தம் கசிஞ்ச ஆளுங்க மட்டும் டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. அரிப்பு மாத்திரைய நிறுத்த வேணாம். கறுப்பா மலம் போறது, எடை குறையுறது, விழுங்க கஷ்டமா இருக்கறது இருந்தா நேரா எண்டோஸ்கோபிதான்.

பாசிட்டிவ் வந்தா மருந்து பெரும்பாலும் 14 நாள். அமிலத்த குறைக்குற கேஸ் மாத்திரையோட ரெண்டு ஆன்டிபயாடிக், சில கோர்ஸ்ல பிஸ்மத்தும் சேரும். வாய் உலோகத்த நக்குன மாதிரி கசக்கும், பிஸ்மத் போடுற வரைக்கும் மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. அந்த ஆன்டிபயாடிக்ல மெட்ரோனிடசோல் இருந்தா மது கூடவே கூடாது. தயவுசெஞ்சு அஞ்சாவது நாள் வயிறு சரியாயிடுச்சுன்னு நிறுத்தாதீங்க, மெடிக்கல் ஷாப்ல கேட்டு பழைய சீட்டுக்கு மருந்து வாங்காதீங்க, பாதில விட்ட பாக்டீரியா அடுத்த தடவ அந்த மருந்துக்கு மசியாம போகலாம்.

முடிஞ்சு குறைஞ்சது 4 வாரம் கழிச்சு மறுபடி அதே டெஸ்ட், அதே கேஸ் மாத்திரை கணக்கோட. நோட்டுல மார்க் இறங்குதான்னு பாருங்க.

மத்த தோல் வியாதி பத்தியும் சொல்லிடுறேன். முகம் சிவக்குற ரொசேஷியாவுக்கு இந்த மருந்து கேக்குதுன்னு சொல்லுவாங்க, ஆனா மெட்ரோனிடசோலும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கும் ரொசேஷியாவுக்கே நேரடியா குடுக்குற மருந்து, பாக்டீரியா போனதாலதான் சரியாச்சான்னு பிரிச்சு சொல்றது கஷ்டம். சொரியாசிஸுக்கு ஆதாரம் பத்தாது. நல்லா உறுதியான தொடர்பு ஐடிபிங்கற பிளேட்லெட் குறையுற வியாதிலதான், கால்ல அழுத்துனா மறையாத சிவப்பு புள்ளி புள்ளியா வரும். அதுல பாக்டீரியாவ ஒழிச்சதும் பல பேருக்கு பிளேட்லெட் ஏறுது. அந்த புள்ளி பாத்தா அன்னைக்கே ரத்த டெஸ்ட் எடுங்க. அதே மாதிரி உதடு நாக்கு வீங்கி மூச்சு திணறுச்சுன்னா 108தான்.

பாக்டீரியா போயும் அரிப்பு போகலையா, வழி அடைஞ்சு போகல. தைராய்டு ஆன்டிபாடி பாருங்க, இந்த அர்ட்டிகேரியா கூட அது வர்றது சகஜம். ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல நின்னு கன்னிப்போனா தோல எடுத்து பயாப்ஸி பாக்கணும், அது ரத்தக்குழாய் அழற்சியா இருக்கலாம். அரிப்பு மாத்திரை அளவ டாக்டர் நாலு மடங்கு வரைக்கும் ஏத்துவாங்க, அதுக்கும் மசியலன்னா ஓமாலிசுமாப் ஊசி இருக்கு, விலை ஜாஸ்தி, அரசு மெடிக்கல் காலேஜ் தோல் ஓபில கேட்டுப்பாருங்க, நோட்ட கையோட எடுத்துட்டு போங்க.