சிங்கப்பூர் பார்சல் 9 நாள் நின்றது ஏன்? – என் அனுபவம்

சேலம் வெண்பட்டு வேட்டி, அங்கவஸ்திரம் செட், விலை 18,500 ரூபாய். கூரியரில் கொடுத்த மூன்றாம் நாளே 'கிளியரன்ஸ் தாமதம்' (சுங்க அனுமதி தாமதம்) என்று டிராக்கிங் நின்றுவிட்டது.

முதலில் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்களை மறுபடி அனுப்பினேன். பலனில்லை. வாங்கியவரின் முகவரி, போன் நம்பரைச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி செய்வோருக்கான குறியீடு) நம்பரிலும் பிழையில்லை.

கடைசியில் இன்வாய்ஸையும் பெட்டியில் ஒட்டிய லேபிளின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இன்வாய்ஸில் ரூபாய் 18,500. லேபிளில் அதே 18,500, ஆனால் டாலர்! கூரியர் தளத்தில் கரன்சி கட்டம் தானாகவே டாலரில் நின்றிருக்கிறது; தொகையை மட்டும் அடித்தால் மாறாது.

திருத்திய இன்வாய்ஸில் ரூபாய், சிங்கப்பூர் டாலர் இரண்டையும் போட்டு, 'பட்டுத் துணி, தைக்காதது, 5007' என்று சுங்கப் பொருள் குறியீட்டோடு எழுதி, லேபிள் மதிப்பையும் மாற்றச் சொன்னேன். மறுநாளே நகர்ந்தது. (தைத்த ஆண்கள் சட்டை சேர்த்தால் அதற்குக் குறியீடு 6205; இன்வாய்ஸில் தனி வரிசையில் எழுத வேண்டும்.)

இப்போது விலை உயர்ந்த ஆர்டரை ஏற்குமுன் பார்ப்பது: பணம் வங்கிக்கு வந்துவிட்டதா, முழு மதிப்புக்கும் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா, அங்குள்ள வரியை (சிங்கப்பூரில் 2024 முதல் ஜிஎஸ்டி 9%) வாங்குபவர் கட்டுவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டாரா. 'கிஃப்ட் என்று போட்டு மதிப்பைக் குறைங்க' என்று கேட்டால் அனுப்புவதில்லை. தொலைந்தால் குறைத்துப் போட்ட தொகைக்கு மேல் கேட்க முடியாது.